சோடனைக்கும் ஒரு கல்வி

யாழ்ப்பாணத்து வழக்கிலே ‘சோடனை’ என்றொரு சொல் உண்டு. கலியாணப் பந்தலுக்குச் சோடனை. கோயிற் சப்பறத்துக்குச் சோடனை. பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் மேடைக்கும் சோடனை. விழா முடிந்தால் மறுநாட் காலையில் வாழை மாட்டுக்குப் போய்விடும். தோரணம் குப்பைக்குப் போய்விடும். சோடனை ஒருநாட் காரியம். அதற்கு ஒரு படிப்பும் வேண்டுமோ என்று நம்மவர் கேட்பது இதனாலேதான் போலும்.

கேட்டுக்கொண்டிருக்கையிலேயே அந்தப் படிப்பு பாடசாலைக்குள் வந்துவிட்டது. 2017ஆம் ஆண்டிலே இலங்கை அரசினர் பதின்மூன்று ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வி என்னும் திட்டத்தை நாடெங்கும் தெரிந்தெடுத்த 42 பாடசாலைகளிலே தொடங்கினர். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையிலே சித்தியெய்தியவர், எய்தாதவர் என்ற வேறுபாடின்றி மாணாக்கர் உயர்தர வகுப்பின் தொழிற்பாடத் துறையிற் சேரலாம். அத்துறைக்கு வகுத்த 26 பாடங்களுள் ஒன்று உள்ளக வடிவமைப்பு. பன்னிரண்டாம் வகுப்பிலே பொதுப்பாடங்களோடு தொழிலின் அடிப்படையைக் கற்று, பின்னர்ப் பயிற்சி நிலையமொன்றிலே கைப்பயிற்சி பெற்று, தேசிய தொழிற்றகைமையின் நான்காம் மட்டத்தை அடையலாம் என்பது ஏற்பாடு. அத்தகைமைக்கு மட்டங்கள் ஏழு. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு ஒப்பானது. எனவே நான்காம் மட்டத்தில் நிற்பவன் ஏணியின் நடுப்படியில் நிற்கின்றான். மேலே ஏற வழியுண்டு.

ஏற்பாட்டிலே குறை சொல்வதற்கில்லை. குறை நம்முடைய வாயிலே இருக்கின்றது. கணிதத்திலே தவறிய பிள்ளையைப் பார்த்து, ‘இதையாவது படி’ என்கின்றோம். ‘ஆவது’ என்பது சின்ன இடைச்சொல். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று தன்னைத் தான் மதிப்பதை அறவே அழித்துவிட அந்தச் சின்னச் சொல் போதும். படித்தவர் எல்லாம் போனபின் எஞ்சியவருக்கு எஞ்சிய பாடம் என்றால், அஃது எச்சப்பாடம். உள்ளக வடிவமைப்பு அத்தகைய எச்சப்பாடந்தானா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பழைய நூலொன்றிலிருந்து தொடங்குவது பண்டிதர்களின் பழக்கம், பொறுத்தருள்க. பத்துப்பாட்டிலே நெடுநல்வாடை பாடிய நக்கீரர், பாண்டிமாதேவியின் மாளிகையைச் சொல்லப் புகுந்த இடத்தில், சுவரின் அழகையோ கட்டிலின் அழகையோ முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகல் வேளையிலே கோல் நட்டுத் திசை அறிந்து, நூல் கற்றவர் கயிறு பிடித்து மனை வகுத்த செய்தியை முதலில் வைக்கின்றார். அதன்பின் வாயில், நிலை, கதவு. அதன்பின் முற்றம். உள்ளே சென்றால் விளக்கு, சுவர், சுவரில் எழுதிய பூங்கொடி. கடைசியிலேதான் யானைத் தந்தத்தாலான கட்டில் வருகின்றது. இன்று எந்த நாட்டிலே இத்தொழிலைக் கற்பிப்பவரும் சொல்லும் ஒழுங்கு இதுதான். அளவை முன், அணி பின். கட்டிலை வாங்கிய பிறகு அறையை அளக்கின்றவர்கள் நக்கீரரைப் படித்தால் ஒரு கட்டிலின் விலையாவது மிச்சமாகும்.

மணிமேகலையிலே சோழ மன்னனின் மண்டபம் ஒன்று வருகின்றது. மகதம், மராட்டம், அவந்தி முதலிய நாடுகளிலிருந்து வந்த வினைஞரும் யவனத்துத் தச்சரும் தமிழ்நாட்டுக் கைவினைஞரோடு கூடிச் செய்த மண்டபம் அது என்கிறார் சாத்தனார். பிறநாட்டுத் தச்சனோடு ஒரே கொட்டிலில் இருந்து வேலை செய்வதை அக்காலத்துத் தமிழ் வினைஞன் இழுக்கென்று கருதவில்லை. புலவரும் அவர்களை ஒரே மூச்சில் வைத்துப் பாடினார்.

புலவர் பாடிய வினைஞன் மகனுக்கு எழுத்தறிவித்தது யார் என்று கேட்டால், அங்கேதான் நாம் மௌனமாகின்றோம்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்வோம். நடுவே வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் நான்கு சார். சாரின் ஓரமெல்லாம் விறாந்தை. வெயில் விறாந்தையிலே நின்றுவிடும். அறைச்சுவரை நேரே தொடாது. சூடேறிய காற்று முற்றத்தால் மேலெழுந்து போக, சோளகமும் வாடையும் அந்தந்தக் காலத்திலே கதவு யன்னல்களால் உள்ளே வரும். சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரை பனைமரச் சிலாகை. பக்கத்துக் கடலிலும் பக்கத்து வளவிலும் கிடைத்த பொருளே வீடாயிற்று. தெருவிலே கூரையிட்ட சங்கடப்படலை. வழிப்போக்கன் மழைக்கும் வெயிலுக்கும் அதிலே ஒதுங்கலாம். சுவரிலே மாட்டுவதற்குப் படம் இல்லை, மூலையிலே வைப்பதற்குப் பூச்சாடி இல்லை. எனினும் வந்தவன் எங்கே நிற்பது, எங்கே இருப்பது, எதுவரை போவது என்பதை வீடே அவனுக்குச் சொல்லிவிடும்.

அப்படிச் சொன்னதிலே சாதியின் சட்டமும் இருந்தது. திண்ணையோடு நின்றவர் உண்டு. படலையோடு நின்றவரும் உண்டு. பழைய வீட்டைப் புகழ்கின்றவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் புகழ்தல் நேர்மையாகாது.

அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்த தளபாடங்களின் பெயரைப் பார்த்தால் ஒரு வரலாறே விளங்கும். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், விறாந்தை, குசினி: எல்லாம் போர்த்துக்கேயர் தந்த சொற்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது ஆண்டுகூட இல்லை. ஆண்டவர் போய்விட்டனர்; அவர்கள் இருந்த கதிரை நின்றுவிட்டது. பின்வந்த ஒல்லாந்தர் மேசைக்கு லாச்சியைக் கொடுத்துப் போயினர். பாய், தடுக்கு, பலகை, கட்டில், உறி, திண்ணை என்பன நம்முடையவை. பெரும்பாலும் நிலத்தை அடுத்து வாழ்ந்த ஒரு வீடு, முந்நூறு நானூறு ஆண்டுகளிலே மெல்ல மெல்ல நிலத்தைவிட்டு எழுந்து கதிரையில் அமர்ந்தது. இதனை இழிவென்று நான் கொள்ளமாட்டேன். வந்த கதிரையை நம்மவர் வந்தபடியே வைத்திருக்கவில்லை. அதனைச் சாய்த்து, கையை நீட்டி, பின்னல் இட்டு, சாய்மனைக் கதிரையாக்கி விறாந்தையிலே போட்டனர். பிற்பகற் காற்று வரும் இடம் அறிந்து போட்ட அந்தக் கதிரையிலே மலாயாப் பென்சனியர் எத்தனை பேர் பத்திரிகை படித்தனர்! கடன் வாங்குவதிலே குற்றமில்லை. கடனை நம் உடம்பின் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளும் அறிவு வேண்டும். அந்த அறிவுக்குத்தான் இன்று உள்ளக வடிவமைப்பு என்று பெயர்.

அறிவு இருந்தது, ஆனால் அது பிறப்பால் பங்கிடப்பட்டிருந்தது. நிலை வைக்கத் தச்சர் வேண்டும். முழக்கோல் அவர் கையிலே. கணக்கு அவர் மனத்திலே. அவர் மகனுக்கன்றி வேறொருவனுக்கு அது போகாது. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வெள்ளை கட்டுவது சலவைத் தொழிலாளர் கடமையாக இருந்தது. கூரையின் உட்புறத்தையும் பந்தலின் மேற்புறத்தையும் ஒரு சுருக்கமின்றி வெள்ளைத் துணியால் மறைத்து, மணமக்கள் நடந்துவர நிலபாவாடை விரித்து, சில மணி நேரத்திலே வீட்டை வேறு வீடாக்கிவிடுவர். ஆணி குறைவு, முடிச்சு மிகுதி. எந்த முடிச்சு முதலில், எந்தப் பக்கத்திலிருந்து இழுப்பது என்பதிலே நுணுக்கம் இருந்தது. அந்த நுணுக்கத்தை யாரும் கல்வி என்று சொல்லவில்லை. ஊழியம் என்றே சொன்னார்கள். செய்தவருக்குக் கூலி கிடைத்தது, மதிப்புக் கிடைக்கவில்லை. அவர் பிள்ளைகள் அத்தொழிலை விட்டு ஓடியதிலே வியப்பென்ன? ஓடியது நன்றே. முடிச்சு மறைந்துபோனதுதான் நட்டம். அதே வேலையை இன்று மண்டபச் சோடனைக்காரர் இயந்திரத்தில் தைத்த துணி கொண்டு செய்கின்றனர். அதற்குப் பெரிய பணம் கொடுக்கின்றோம். ‘நல்ல கலைஞர்’ என்றும் சொல்லுகின்றோம். தொழில் பிறப்பைவிட்டுப் பிரிந்தவுடனே கலையாகிவிட்டது.

பனையோலை வேலைக்கும் இதே கதை. கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, கொட்டப்பெட்டி, பாய் என்று பெண்கள் இழைத்தவற்றிலே சாயமூட்டிய ஓலை ஓடும் கோலத்தைப் பார்த்தவர்கள், துணி நெய்வோர் வரையும் கட்டப்படத்துக்கும் அதற்கும் வேறுபாடில்லை என்பதை அறிவர். பனை அபிவிருத்திச் சபை 1978இலே நிறுவப்பட்டது. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஓலைப் பொருள் இன்று பரிசுப்பொருளாகக் கடைகளிலே இருக்கின்றது. சுவருக்கும் உட்கூரைக்கும் இடைத்தட்டிக்கும் அவ்வோலையை அளவறிந்து வகுத்துக் கொடுக்கின்றவர் மிகச் சிலர். இழைக்கத் தெரிந்தவருக்கு வரைபடம் தெரியாது. வரைபடம் தெரிந்தவருக்கு ஓலையின் குணம் தெரியாது.

இந்தப் பிளவு யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஜெர்மனியிலே வைமார் நகரில் 1919இலே வால்டர் குரோப்பியஸ் என்னும் கட்டடக்கலைஞர் ‘பௌகவுஸ்’ என்ற கலாசாலையைத் தொடங்கியபோது இதே பிளவைக் கண்டார். அவர் செய்த ஏற்பாடு எளிது. மரவேலைக் கூடத்துக்கும் நெசவுக் கூடத்துக்கும் இரண்டிரண்டு ஆசான்மார்: ஒருவர் வடிவம் சொல்லிக்கொடுப்பவர், மற்றவர் கைவேலை சொல்லிக்கொடுப்பவர். ஓவியரும் தச்சரும் ஒரே மாணாக்கனுக்கு ஆசிரியர். கலாசாலை பதினான்கு ஆண்டே நடந்தது. 1933இலே நாசிகளின் நெருக்குதலால் மூடப்பட்டது. ஆயினும் இன்று நாம் இருக்கும் உருக்குக் குழாய்க் கதிரை முதல் மேசை விளக்கு வரையிலே அதன் கை தெரியும். அதன் மாணவர் ஆசிரியர்களின் படைப்புகள் 1922இன் இறுதியிலே கல்கத்தாவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. நம்மவர்க்கு அச்செய்தி எட்டிய சுவடு தெரியவில்லை. அக்காலத்திலே நாம் இலிகிதர் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம்.

பரிகாசத்துக்காகச் சொல்லவில்லை. 1823இலே வட்டுக்கோட்டையில் எழுந்த செமினரி முதலாக யாழ்ப்பாணத்துக் கல்வி உலகறிந்த கல்வி. தெல்லிப்பழையிலே மிசன் நடத்திய பயிற்சிப் பாடசாலையோடு கைத்தொழிற் பகுதியும் இருந்தது. இருந்தும் ஊர் விரும்பியது கந்தோர் உத்தியோகத்தையே. மண் வளம் குறைந்த குடாநாட்டிலே பிழைக்கும் வழி அது. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலே ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தொழில் முன்னிலைப் பாடங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாயின. மருத்துவராகப் போகின்ற பிள்ளையும் ஒரு கைத்தொழிலைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பதே அதன் உயிர். 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அது கைவிடப்பட்டது. பெற்றோர் கவலைப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அன்றைய ஏற்பாட்டிலே தொழில் எல்லார்க்கும் உரியது. இன்றைய ஏற்பாட்டை நாம் நடத்துகின்ற முறையிலே அது தோற்றவர்க்கு உரியது. ஏற்பாட்டின் பெயரைப் பார்க்கிலும் இந்த வேறுபாடு பெரிது.

தோற்றவன் என்று நாம் முத்திரை குத்திய அந்தப் பிள்ளைக்கு இத்தொழிலிலே என்ன கணக்கு வருகின்றது என்று பார்ப்போம். ஐந்து அடி அகலமான யன்னலுக்குத் திரைச்சீலை. மடிப்பு விழவேண்டுமானால் அகலத்தின் இருமடங்கு துணி வேண்டும், பத்து அடி. கடையில் உள்ள துணியின் அகலம் 45 அங்குலம், அதாவது மூன்றே முக்கால் அடி. பத்தை மூன்றே முக்காலால் வகுத்தால் இரண்டரைக்குச் சற்று மேலே வரும். துணியை நீளவாட்டிலே கீறி முக்கால் துண்டு தருகவென்று கடைக்காரரிடம் கேட்க முடியாது. ஆகவே மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டும் யன்னல் உயரம் ஐந்தடி, மேலும் கீழும் மடித்துத் தைக்க ஓரடி, ஆக ஆறடி. மூவாறு பதினெட்டு அடி; ஆறு யார். துணியிலே பெரிய பூ இருந்தால், பூவுக்குப் பூ பொருந்த இன்னும் வேண்டும். விகிதம், பின்னம், வகுத்தல், முழுவெண்ணாக்கல் எல்லாம் ஒரு யன்னலிலே முடிந்துவிட்டன. பன்னிரண்டுக்குப் பத்தடி அறைக்கு இரண்டடிச் சதுர ஓடு பதிப்பதானால் முப்பது ஓடு. உடைவுக்கும் வெட்டுக்கும் நூற்றுக்குப் பத்து வீதம் சேர்த்து முப்பத்துமூன்று. தூண் ஒன்று நடுவிலே வந்தால்? வாசற்படி அறைக்கு உள்ளே நீண்டால்? கணிதம் வராது என்று நாம் அனுப்பிய பிள்ளை இதனைச் செய்யாவிட்டால் வீட்டுக்காரரின் காசு போகும். ஆகையால் ‘கணக்கு வராதவனுக்கு ஏற்ற பாடம்’ என்று இனி எவரும் சொல்லாதிருப்பாராக. கணக்கைக் கண்ணாலே காட்டினால் வரக்கூடியவனுக்கு ஏற்ற பாடம் என்பதே சரி.

கணிதத்தோடு புவியியலும் வரும். ஐரோப்பாவிலே எழுதிய நூல்கள், வடக்கு யன்னலால் வெயில் வராது, சீரான ஒளியே வரும், ஆகவே படிக்கும் அறையை வடக்கே வை என்று சொல்லும். அவர்கள் நாட்டுக்கு அது மெய். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவிலே இருக்கின்றது. ஏப்ரில் நடுப்பகுதியிலே ஞாயிறு நம் உச்சிக்கு வரும். அதன்பின் வடக்கே சாய்ந்து, ஓகஸ்து இறுதியிலே மீண்டும் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகல் வெயில் நமக்கு வடபுறத்திலே. கோடையின் கொடுமை மிகுந்த மாதங்களும் அவையே. நூலிலே படித்ததை அப்படியே கொண்டுவந்து வடக்கிலே கண்ணாடிச் சுவர் வைப்பவர் என்ன ஆவார் என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை. புது வீடுகள் பலவற்றிலே குளிரூட்டி சொல்லிக்கொண்டிருக்கின்றது. ஒரு கோலை முற்றத்திலே நட்டு ஆண்டு முழுவதும் நிழலைக் குறித்துவந்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இதைத் தானே கண்டுகொள்ளும். நெடுநல்வாடையின் கோல் மீண்டும் பாடசாலை முற்றத்துக்கு வரட்டும்.

மண்ணைப் பற்றிய அறிவும் வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடுவது. அதன்மேலே எண்ணெய்ப்பூச்சைப் பூசினால் உள்ளே அகப்பட்ட ஈரமும் உவரும் பூச்சைத் தள்ளிக் கொப்புளிக்கச் செய்யும். பழைய வீட்டைப் புதுப்பிக்கின்றேன் என்று பளபளப்பான நிறம் பூசி, இரண்டாம் மாரியிலே சுவர் உரிந்து நிற்பதைப் பார்த்து, ‘பழைய சுவர் பழுது’ என்று இடிப்பவரும் உளர். சுவர் பழுதன்று, பூசியவருக்குச் சுவரின் மொழி தெரியவில்லை.

தென்னிலங்கையிலே இந்தத் தொழில் உயர்ந்த வகையை இங்கே நினைக்கலாம். ஜெப்ரி பாவா 1960க்கும் 1962க்கும் இடையிலே கொழும்பிலே ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, நடுமுற்றத்தை நகரத்துச் சிறிய காணிக்குள் மீண்டும் கொண்டுவந்தது. அந்த ஏனா டி சில்வா பத்திக் துணியிலும் தையலிலும் வல்லவர். மாத்தளைக்கு அருகே அலுவிகாரையிலே கிராமத்துப் பெண்களுக்கு அவற்றைப் பழக்கித் தொழிலாக்கினார். 1982இலே கோட்டையிற் புதிய பாராளுமன்றம் திறந்தபோது அவருடைய கொடித்துணிகள் அங்கே தொங்கின. மண்டபத்தின் நடுவிலே லக்கி சேனநாயக்க செய்த வெள்ளிச் சரவிளக்கு பனையினத்து ஓலை வடிவிலே விரிந்தது. ஓலை வடிவம் பாராளுமன்றக் கூரைக்குப் போயிற்று. ஓலையை இழைத்த நம் ஊரிலே அது பெட்டியளவில் நின்றுவிட்டது.

இந்தியாவுக்கு 1958இலே அரசினர் அழைப்பிலே வந்த சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர், அந்நாடு முழுவதும் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையிலே தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்ததாக எடுத்துக் காட்டியது என்ன? மாளிகையன்று, சிற்பமன்று, தண்ணீர் மொள்ளும் செம்பு. இடுப்பிலே வைக்க எவ்வளவு வளைவு, நிறைந்தபோது பாரம் எங்கே நிற்கும், ஊற்றும்போது நீர் எப்படி விழும் என்றெல்லாம் அதைப் பற்றிக் கேள்வி கேட்கக் கற்பதே வடிவமைப்புக் கல்வி என்று காட்டினர். 1961இலே அகமதாபாத்திலே தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது அந்த அறிக்கையின் வழியாகத்தான். நம் வீட்டு மூக்குப்பேணியை அவர்கள் பார்த்திருந்தால் இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருப்பர். வாய் படாமல் அண்ணாந்து குடிக்க ஒரு மூக்கு. அந்த மூக்கின் சரிவு ஒரு சிறிது பிழைத்தால் நீர் மூக்கிலே போகும். தூய்மைக்காக அமைந்த மூக்கா, தீண்டாமைக்காக அமைந்த மூக்கா என்று மாணாக்கர் வாதிடவும் இடமுண்டு. நல்ல பாடம் அப்படித்தான் இருக்கும்.

இத்தனையும் சொன்னபின், இங்கே இப்போது இதற்கு என்ன அவசரம் என்பதைச் சொல்லாவிட்டால் கட்டுரை வெறும் புலமையாய்விடும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே வீட்டைவிட்டு நடந்தனர். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை இடப்பெயர்வு! வீடுகள் விழுந்தன, விழாத வீடுகளின் கதவும் நிலையும் போயின. ஓவியரும் பல்கலைக்கழக ஆசிரியருமான தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களைக் கொண்டு அவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைவித்தார். அவ்வரைபடங்களையும், அவற்றைக் கட்டடக்கலைஞர் அளவுபடுத்திய படங்களையும், தம் ஓவியங்களையும் சேர்த்து, முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் 2011இலே நூலாக்கினார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. வரைபடம் கற்காத மனிதர், கிணறு எங்கே, சாமியறை எங்கே, எந்த மரம் எந்த யன்னலுக்கு நேரே என்பதைப் பிசகாமற் குறித்தனர். உள்ளகம் என்பது மனிதர் மனத்திலே எவ்வளவு ஆழமாகக் கிடக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இப்போது வீடுகள் மீண்டும் எழுகின்றன. முன்னே மலாயாப் பணத்தில் எழுந்தன. இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உழைத்த பணத்தில் எழுகின்றன. கட்டுவிப்பவர் அங்கே, இருக்கப்போகின்றவர் இங்கே, பெரும்பாலும் எழுபது கடந்த தாயும் தந்தையும். படம் கைபேசியிலே வருகின்றது. மேல்மாடி, வழவழப்பான ஓடு பதித்த குளியலறை, மூன்று படி ஏறும் வாசல். மழைக்காலத்திலே அந்த ஓட்டில் வழுக்கி இடுப்பு முறிந்த முதியவரின் கதை இல்லாத ஊர் எது? வழுக்காத ஓடு, சுவரிலே ஒரு கைப்பிடி, இரவிலே கட்டிலிலிருந்து கையெட்டும் தூரத்தில் விளக்கின் சுவிச்சு: மூன்றும் சில்லறைச் செலவு. அவற்றைக் கேட்டு வாங்கிக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் அந்த வீட்டுக்கும் கைபேசிக்கும் நடுவிலே இல்லை.

போரிலே கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் நம்மிடையே வாழ்கின்றனர். சக்கரநாற்காலி நுழைய வாசல் முப்பத்திரண்டு அங்குலமாவது திறந்திருக்கவேண்டும். அது திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு; ஆறங்குலப் படிக்கு ஆறடிச் சாய்தளம். நம் பழைய நிலைப்படி உயர்ந்தது. அதனைத் தாண்டுவதிலே ஒரு மரியாதையைக் கண்டோம். அந்தப் படியை வெட்டலாமா, வெட்டாமற் பலகை இடலாமா, பக்கத்து வாசலைத் திறக்கலாமா? வீட்டாரோடு இருந்து பேசி முடிவு செய்யவேண்டிய காரியம். கொழும்பிலிருந்து ஒருநாள் வந்து போகின்றவரால் ஆகாது. தமிழிலே பேசி, தச்சரின் சொல்லையும் வைத்தியரின் சொல்லையும் விளங்கி, மதிப்பீட்டைத் தமிழிலே எழுதி ஒப்பம் வாங்கத் தெரிந்த ஊர்ப்பிள்ளை வேண்டும்.

சொல்லைப் பற்றிச் சொன்னேன். தமிழாசிரியர்க்கு இங்கே வேலையுண்டு. நிலை, சட்டம், வளை, சிலாகை, முகடு, தாவாரம் என்று தச்சர் வழங்கும் சொற்களிலே பாதிக்குமேல் நம் மாணாக்கர்க்குத் தெரியாது. பாடநூற் சொற்களிலே பாதி தச்சர்க்குத் தெரியாது. இரண்டையும் அருகருகே எழுதிய ஒரு சிறு சொற்றொகுதியைத் தொழிற்பாட மாணாக்கரே ஓராண்டிலே தொகுத்துவிடலாம். முதிய தச்சர் இருக்கும் வரைதான் அது முடியும். அவரை வகுப்புக்கு அழைத்து வந்து கதிரை கொடுத்து இருத்துவதற்குச் சுற்றறிக்கை தடையாயிருக்குமானால் சுற்றறிக்கையைத் திருத்தவேண்டும். பௌகவுஸிலே ஓவியருக்குப் பக்கத்திலே தச்சருக்குக் கொடுத்த இடம் அது.

பயிற்சிக்கு வீடு எங்கே என்று கேட்கின்ற ஆசிரிய நண்பர்க்கு ஒரு யோசனை: வகுப்பறையே போதும். பெரும்பாலான வகுப்பறைகளிலே யன்னலொளி கரும்பலகையின் ஒரு பக்கத்திலே பட்டு மின்னுகின்றது. அப்பகுதியில் எழுதியது பக்கவாட்டிலே இருப்பவர்க்குத் தெரியாது. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பதினோராம் வகுப்புப் பிள்ளையும் ஒரே உயர வாங்கிலே இருக்கின்றனர். ஒன்றின் கால் தொங்குகின்றது, மற்றதன் முதுகு கூனுகின்றது. பலகையை எத்தனை அடி நகர்த்தினால் மின்னல் போகும், வாங்கின் காலிலே எத்தனை அங்குலம் குறைக்கலாம், அதற்கு என்ன செலவாகும்? அளவுநாடா ஒன்றும் கட்டத்தாள் நாலும் வாங்கிக் கொடுத்து, பின்வாங்கிலே இருக்கும் பிள்ளையை எழுப்பி, நாளைக்கே அளக்கச் சொல்லலாம்.